எல்லாரும் மேலே வந்தாச்சு

எங்கள் ஊர் மோட்டார் பைக் பந்தயத்தை இந்த வருஷம் வரைக்கும் நான் கண்ணால் பார்த்ததில்லை. காதால் கேட்டதோடு சரி. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடக்கும். எங்கள் கோயிலில் காலை ஆராதனை தொடங்குகிற அதே எட்டு மணிக்குத்தான் சயனைடு மேட்டில் வண்டிகளும் கிளம்பும். போதகர் ஜெபத்துக்குக் கண்களை மூடச் சொல்வார். மூடின கண்ணுக்குள் உர்ரென்று அந்தச் சத்தம் வந்து உட்கார்ந்துகொள்ளும். போதகர் குரலை உயர்த்துவார், வண்டிகள் அதைவிட உயர்த்தும். வாலிபர்கள் உட்காரும் பெஞ்சுகள் அன்றைக்கு மட்டும் காலியாகக் கிடக்கும். ஓய்வுநாளில் இப்படியும் ஒரு கூத்தா என்று அலுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

இந்தத் தை மாதம் நடந்ததைப் பற்றி ராபர்ட்சன்பேட்டையில் ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுகிறார்கள். என் அக்காவைப் பற்றிக்கூடப் பேசுகிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுதத் தெரிந்தவன் இல்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

முதலில் பந்தயத்தைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம், எங்கள் பேச்சில் மைன்ஸ், ஓடிக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளிகள் வரிசை வீடுகளில் குடியிருந்த மைசூர் மைன்ஸ் லைன்காரர்களுக்கும் சாம்பியன் ரீப்ஸ் லைன்காரர்களுக்கும் எல்லாவற்றிலும் போட்டிதான். பந்து விளையாட்டிலும் போட்டி, கிறிஸ்துமஸ் பாட்டிலும் போட்டி, கறிக்குழம்பிலும் போட்டி. மோட்டார் பைக் வாங்கினவர்கள் அன்றைக்கு ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் பேரில் இரண்டு பேர் ஒரு டீக்கடையில் வாக்குவாதம் செய்துகொண்டார்களாம். "நான் ஒரு ஷிப்டு முழுக்க பாறைய ஒடைச்சிட்டு மேல வரேன். உன் வண்டி ஒரு ஷிப்டு ஓடுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து, காலைச் சங்கு ஊதினதும் இரண்டு வண்டிகளும் மேட்டைச் சுற்ற ஆரம்பித்தன. மத்தியானத்தில் ஒரு வண்டி புகை விட்டு நின்றுவிட்டது. இன்னொரு வண்டி நிற்கவில்லை, ஆனால் அதை ஓட்டினவரை இரண்டு பேர் தூக்கித்தான் இறக்கினார்களாம், கைவிரல் ஆக்சிலேட்டரை விட்டுப் பிரியவில்லையாம். பரிசு கொடுக்க ஒன்றும் இல்லாமல் டீக்கடைக்காரர் தம் கடையில் இருந்த பெரிய அண்டாவைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். இன்றுவரைக்கும் ஜெயித்தவர்களுக்கு அண்டாதான் பரிசு. கோப்பையும் கிடையாது, பணமும் கிடையாது.

ஒரே ஆள் ஒரு ஷிப்டு முழுக்க ஓட்டுவது ஆகாத காரியம் என்று அடுத்த வருஷமே தெரிந்துபோனது. அதனால் ஒரு வண்டிக்கு இரண்டு பேர் என்று வைத்தார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கொட்டகையில் இளைப்பாறலாம். காலை எட்டு மணி முதல் சாயங்காலம் நாலு மணி வரை யார் வண்டி மேட்டை அதிகம் சுற்றியதோ அவர்கள் ஜெயித்தவர்கள். வேகமாகப் போய் வண்டியை உடைத்துக்கொண்டவன் தோற்றான், பொறுமையாக நின்று ஓட்டினவன் ஜெயித்தான் என்பதுதான் பெரும்பாலும் நடப்பது. சுற்றுக் கணக்கை அவரவர் வீட்டு ஆட்கள் வைக்கக்கூடாது, அடுத்த வண்டிக்காரன் வீட்டு ஆள்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டாரும் வந்தவர்களுக்கெல்லாம் போதுகிற மாதிரி ஒரு பண்டம் சமைத்துக்கொண்டு வர வேண்டும். நாலு மணிக்குச் சங்கு ஊதினதும் வண்டி எங்கே இருக்கிறதோ அங்கேயே எஞ்சினை நிறுத்திவிட்டு நடந்து வந்துவிட வேண்டும். வண்டிகளைப் பிறகு டிராக்டர் போய் எடுத்துக்கொண்டு வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் பில்லை. மைன்ஸில் ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் அடித்த ஒரு பித்தளைப் பில்லை உண்டு. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போகிறவன் பலகையிலிருந்து தன் பில்லையை எடுத்துக்கொண்டு போவான், மேலே வந்ததும் மறுபடி கொக்கியில் மாட்டுவான். கொக்கி காலியாக இருந்தால் அந்த ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். பந்தயத்துக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். மேட்டுக்குள் போகிறவர் கழுத்தில் பில்லை, வெளியே வந்ததும் கொக்கியில் பில்லை. கடைசியில் எல்லாக் கொக்கியும் நிறைந்த பிறகுதான் ஜெயித்தது யார் என்று சொல்வார்கள். மைன்ஸ் மூடிப்போய் இத்தனை வருஷம் ஆகியும், பெங்களூரிலிருந்து விலை கூடின வண்டிகளோடு பிள்ளைகள் வர ஆரம்பித்தும், இந்தப் பலகை மட்டும் மாறவில்லை.

என் மனைவி கர்த்தருக்குள் நித்திரை அடைந்து வருஷங்கள் ஆகின்றன. எங்களுக்கு ஒரே மகள். அவளை வளர்த்தது என் அக்கா. அக்காவின் புருஷன் சாம்பியன் ரீப்ஸில் வேலை செய்தவர். கீழே பாறை வெடித்த ஒருநாள் கொக்கி காலியாகவே இருந்துவிட்டது. பிள்ளைகள் இல்லாததால் அக்கா எங்களோடு வந்துவிட்டாள். இப்போது மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.

"அப்பா, அடுத்த வாரம் பந்தயத்துக்கு நாங்க பேரு குடுத்துகீறோம்" என்றாள் மகள்.

"நாங்கன்னா யாரு?"

"இவரும் நானும்."

"நீ போயி இன்னா பண்ணப்போற? தண்ணி பாட்டில் தூக்கவா?"

"வண்டி ஓட்டப் போறேம்பா."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றுவிட்டது. ஸ்கூட்டரில் கடைக்குப் போய் வருவாள், அது தெரியும். மேடு ஏறுகிற வண்டி ஓட்டுவாள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் புருஷனோடு போய்ப் பழகியிருக்கிறாள். நான் அவர்கள் சினிமாவுக்குப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, என்ன விட அவ நல்லா ஓட்டுவா" என்றார் மாப்பிள்ளை. "நான் மூணு தடவ விழுந்த எடத்துல அவ ஒரு தடவதான் விழுந்தா."

"இது எனக்கு ஆறுதலா மாப்பிள்ள?"

அக்கா ரசம் ஊற்ற வந்தவள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். "ஏண்டி, ஒரு பொடவய ஒழுங்கா கட்டிகினு கோயிலுக்கு வரத் தெரியல. நீ மேடு ஏறப் போறியா?"

"பொடவ கட்டிகினு ஏற மாட்டேன் அத்த. பயப்படாத."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். "பில்லை குடுக்குறாங்க இல்ல?"

"குடுப்பாங்க அத்த."

"வந்தவுடனே மாட்டிடணும். பேசிகினு நிக்கக் கூடாது, தண்ணி குடிக்கக் கூடாது. மொதல்ல மாட்டிடணும்."

"சரி அத்த."

நான் மறுத்திருக்கலாம். கல்யாணமான பெண்ணை அப்பன் என்ன சொல்லி நிறுத்துவது? சனிக்கிழமை சாயங்காலமே கோயிலுக்குப் போய் முழங்கால்படியிட்டு அவளை ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை மேட்டுக்குப் போனேன். எனக்கு நினைவு தெரிந்து காய்ச்சல் வராமல் நான் ஆராதனையைத் தவறவிட்ட ஞாயிறு அது ஒன்றுதான்.

சயனைடு மேடு என்பது மண்மேடு இல்லை. தங்கம் எடுத்தபின் மிஞ்சின மாவு போன்ற தூளைத் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிக் கொட்டி உண்டானது. தூரத்திலிருந்து பார்த்தால் கெட்டியாகத் தெரியும். பக்கத்தில் போனால் மழைநீர் அறுத்த பள்ளங்கள், சிலது ஆள் உயரம், சிலது பனை உயரம். மேலே பொருக்குத் தட்டியிருக்கும், கால் வைத்தால் உள்ளே சரியும். அந்த மேட்டின் ஓரத்தில் என் மகள் வண்டியில் ஏறிப் போனதைப் பார்த்தபோது என் வாயில் ஜெபம் வரவில்லை. வெறுமனே "ஆண்டவரே, ஆண்டவரே" என்றுதான் வந்தது.

பலகை இருந்தது சாப்பாட்டு மேசைகளுக்குப் பக்கத்தில். பலகைக்குப் பொறுப்பு ஒரு பென்ஷன்காரர். மைன்ஸில் பில்லை கொடுக்கும் ஜன்னலில் வேலை பார்த்தவர். அக்கா ஒரு அண்டா நிறையப் புளி சோறு கொண்டுவந்து அவர் பக்கத்து மேசையில் வைத்தாள்.

"இன்னாக்கா, புளி சோத்துல போட்டுகீறது வேர்க்கல்லயா, மைன்ஸ் கல்லா?" என்று கேட்டார் அவர்.

"உனுக்குப் பல்லு இருந்தா இல்ல அந்தக் கவல" என்றாள் அக்கா.

நேரம் போகப்போக எனக்கும் பயம் கொஞ்சம் தெளிந்தது. மகள் ஒரு முறை ஓட்டி வந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றினால் கண்ணிமை கூட வெள்ளை. நேராகப் பலகைக்குப் போய் பில்லையை மாட்டினாள். அக்காவைப் பார்த்து, "மாட்டிட்டேன், தண்ணி குடிக்கலாமா?" என்றாள். மாப்பிள்ளை போனார், வந்தார். மறுபடி அவள். மத்தியானத்துக்குமேல் அவர்கள் வண்டி முன்னால் இருந்த சிலரோடு சேர்ந்து ஓடுகிறது என்று மைக்கில் சொன்னார்கள். எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெருமையாகக்கூட இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவரிடம் அது என் பொண்ணு என்று நானாகவே சொன்னேன்.

கடைசி முறை ஓட்டப் போனது அவள்தான்.

நாலு மணிக்குச் சங்கு ஊதியது. மேடு முழுக்க இருந்த சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கியது. புழுதிக்குள்ளிருந்து நாலாபக்கமும் ஆட்கள் நடந்து வர ஆரம்பித்தார்கள். ஹெல்மெட்டும் உடம்பும் எல்லாம் ஒரே வெள்ளை, யார் யார் என்று அடையாளம் தெரியவில்லை. நான் ஆட்களைத் தேடவில்லை, பலகையைத்தான் பார்த்தேன். எங்கள் ஊரில் பிறந்தவர்கள் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். எங்கள் அப்பா ஷிப்டு முடிந்து வருகிறாரா என்று எங்கள் அம்மா பார்த்ததும் அப்படித்தான். கொக்கிகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. மகளின் நம்பர் அங்கே தொங்கியது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

மைக்கில், மைன்ஸில் ஷிப்டு முடிந்ததும் சொல்கிற அதே மாதிரி, "எல்லாரும் மேலே வந்தாச்சு! எல்லாரும் மேலே வந்தாச்சு!" என்று சொன்னார்கள். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். பாட்டுப் போட்டார்கள். சாப்பாடு பரிமாற ஆரம்பித்தார்கள். யாரோ ஒரு தட்டை என் கையில் வைத்தார்கள், வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தேன்.

தட்டு பாதி காலியானபோது மாப்பிள்ளை வந்தார். அவர் கையில் இரண்டு தட்டுகள்.

"மாமா, அவ எங்க?"

"உங்க கூட இல்லயா?"

"மூஞ்சி கழுவப் போயிருப்பான்னு நெனச்சேன். பொம்பளைங்க கொட்டாய்ல கேட்டேன், அங்க வரலன்றாங்க."

இரண்டு பேரும் பலகைக்குப் போனோம். பில்லைக்காரர் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க பொண்ணு வந்துச்சா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். "வந்தாச்சே. பில்லை தொங்குது பாருங்க."

"பில்லை தொங்குது. ஆளக் காணோம்."

"அது எப்படிங்க? பில்லை வந்தா ஆளு வந்த மாதிரிதான். இங்கதான் எங்கயாவது கீறாங்க. பாருங்க, அண்டா பாக்கப் போயிருப்பாங்க."

"நீங்க பாத்தீங்களா? அவளே வந்து மாட்டினாளா?" மாப்பிள்ளை தட்டுகளை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

பில்லைக்காரர் வாயிலிருந்த சோற்றை விழுங்காமல் நிறுத்தினார். சங்கு ஊதுகிற நேரத்தில் அவர் மைக் கொட்டகைக்குப் போயிருந்தாராம், பட்டியலைச் சரிபார்க்க. திரும்பி வந்தபோது எல்லாம் நிறைந்திருந்தது. "நான் மாட்டலிங்க" என்றார் மெதுவாக.

அப்போது என் அக்கா, சோற்றுக் கரண்டி கையில் இருக்க, எங்கள் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தை நான் அப்படி ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், முப்பது சொச்சம் வருஷத்துக்கு முன்னால், மைன்ஸுக்குள் இறங்குகிற ஷாப்ட் வாசலில்.

"நான்தாண்டா தம்பி மாட்டினேன்."

எனக்குச் சொன்னது புரியவில்லை. "இன்னாக்கா சொல்ற?"

"வழியில கொடி காட்டுற ஆளு ஒருத்தன் வந்தான். கொடி புடிச்சிகினு நின்ன எடத்துல பில்லை கெடந்துச்சின்னு மேசை மேல வெச்சிட்டுப் போயிட்டான். நம்ம கொழந்த நம்பரு. அவ ஓடியாந்து போட்டுட்டுப் போயிருப்பா, அத இவன் எடுத்தாந்து வெக்கிறான்னு நெனச்சேன். சங்கு ஊதுது. கொக்கி காலியா கீது. எனுக்கு அதப் பாத்துகினு நிக்க முடியலடா. மாட்டிட்டேன்."

கயிறு அறுந்து கழுத்திலிருந்து விழுந்த பில்லை. அவள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறாள். பில்லை வந்துவிட்டது, அவள் வரவில்லை. நாங்கள் எல்லாரும் கைதட்டி, பாட்டுப் போட்டு, சோறு தின்றுகொண்டிருந்தோம். என் கையில் தட்டு இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் புளி சோற்று வாசம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

கால் போன பக்கமெல்லாம் ஆட்கள் ஓட ஆரம்பித்தார்கள். வண்டிகளைக் கிளப்பப் போனார்கள். பில்லைக்காரர் சங்கு ஊதச் சொல்லிக் கத்தினார்.

"ஊதாத!" அக்கா கத்தின கத்தலில் நின்றவர்கள் நின்றபடி நின்றார்கள். "ஒருத்தனும் வண்டிய எடுக்காத! பாட்ட நிறுத்து! அவ கூப்பிட்டா எப்படிடா கேக்கும்? கீழ ஆளு மாட்டிகினா மேல எல்லாரும் வாய மூடிகினு நிப்பாங்க. தட்டுற சத்தம் கேக்குதான்னு பாப்பாங்க. நான் நின்னுகீறேன், எனுக்குத் தெரியும். நிறுத்து!"

பாட்டு நின்றது. அத்தனை ஜனமும் அசையாமல் நின்றது. குழந்தைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்தினார்கள். வெள்ளை மேட்டின் மேல் காற்று ஊதுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் ஜெபிக்கவில்லை. காதைத்தான் கொடுத்துக்கொண்டு நின்றேன். அதுவும் ஒரு ஜெபம்தானோ என்னவோ.

கொஞ்சநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம், பெரிய மேட்டுக்குப் பின்னாலிருந்து, கொசு கத்துகிற மாதிரி ஒரு ஹாரன். நின்றது. மறுபடி ஒன்று.

மாப்பிள்ளை செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினார். என்னால் அவர் வேகத்துக்கு ஓட முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளத்தின் விளிம்பில் ஆட்கள் வயிற்றால் படுத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றால் விளிம்பு சரியுமாம். உள்ளே வண்டி கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில், மார்புவரை அந்த வெள்ளைத் தூளுக்குள், என் மகள். ஒரு கை மட்டும் வெளியே நீண்டு வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தூள் சரிந்து அவள் தோளில் விழுந்தது.

"அசையாத! யாரும் இந்தப் பக்கம் வராதீங்க!" என்று பில்லைக்காரர் சத்தம் போட்டார். பழைய மைன்ஸ்காரர்கள் இரண்டு மூன்று பேர் சுற்றிக்கொண்டு பள்ளத்தின் கீழ்வாய் வழியாக உள்ளே போனார்கள். மண்வெட்டி போட்டால் உடம்பில் படும் என்று சாப்பாட்டுத் தட்டாலும் அண்டா மூடியாலும் அள்ளி அள்ளி வெளியே தள்ளினார்கள். மாப்பிள்ளை கையாலேயே தோண்டினார், நகம் பிய்ந்து ரத்தம் வந்தது அவருக்குத் தெரியவில்லை. மகள் வாயைத் திறந்து, "கால் மேல வண்டி கீது, மெதுவா" என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அந்தக் குரல் கேட்டபோதுதான் நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

காலும் விலா எலும்பு ஒன்றும் முறிந்திருந்தன. வேறு சேதமில்லை. ஒரு டெம்போவில் படுக்க வைத்து ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அண்டா யாருக்குப் போனது என்று எனக்கு இதுவரை தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

காலுக்குக் கட்டுப் போட்டு வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு மகள் பேசினாள். அதைக் கேட்டதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி எனக்கு.

"சங்கு ஊதினது கேட்டுச்சிப்பா. சரி, இப்ப கொக்கியப் பாப்பாங்க, காலியா இருக்கும், தேடி வந்துருவாங்கன்னு தைரியமா இருந்தேன். ஹாரன் கூட அடிக்கல, பேட்டரி போயிடும்னு வெச்சிருந்தேன். அப்புறம் மைக்ல, எல்லாரும் மேல வந்தாச்சுன்னாங்க. கைதட்டுறாங்க. நான் இங்க கெடக்குறேன், நான் வந்துட்டேன்றாங்க. அப்போ நான் செத்துட்டேனான்னு நெனச்சேம்பா. செத்துப்போனா இப்படித்தான் இருக்கும் போலன்னு நெனச்சேன். பாட்டு போட்டாங்க பாரு, அப்பதான் இல்ல, உயிரோடதான் கீறேன்னு தெரிஞ்சிச்சி. பரலோகத்துல அந்தப் பாட்டெல்லாம் போட மாட்டாங்க."

மாப்பிள்ளை சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கைதட்டலில் என் கையும் இருந்தது. நான் ஸ்தோத்திரம் சொன்ன நேரத்தில் அவள் மார்புவரை தூளுக்குள் கிடந்திருக்கிறாள். அந்த ஸ்தோத்திரம் எங்கே போயிற்று? யார் கேட்டார்கள்? நடக்காத காரியத்துக்கு நன்றி சொல்லிவிட்டேனா, அல்லது நடக்கப்போகிறதற்கு முன்கூட்டியே சொன்னேனா? போதகரிடம் பிறகு கேட்டேன். அவர், எனக்கும் தெரியாது ஐயா என்று சொன்னார். அப்படிச் சொன்னதற்காக அவரை நான் இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.

அக்கா வார்டுக்குள் வரவில்லை. வெளியே வராண்டாவில், முக்காடு போட்டபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பில்லைக்காரர் வந்து, தப்பு என்னுதுதாம்மா, பலகைய விட்டு நான் நகர்ந்திருக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லிப் பார்த்தார். நான் கூப்பிட்டதற்கு, "நான் அந்தப் புள்ள மூஞ்சில முழிக்க மாட்டேன், நீ போ" என்றாள்.

மகளுக்குக் கேட்டுவிட்டது. "அத்த! உள்ள வரியா, இல்ல நான் எழுந்து வரட்டா?"

அக்கா முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வரேன் பாரு. ஒத்தக் கால்ல வரேன். டாக்டர் உன்னத்தான் திட்டுவாரு."

கட்டில் கிறீச்சிட்டதும் அக்கா துள்ளி எழுந்து உள்ளே ஓடி வந்தாள். "படுடி! படு! எலும்பு ஒடைஞ்சிகினு இன்னாடி நெஞ்சழுத்தம் உனுக்கு?"

"நீதான அத்த எல்லாரையும் வாய மூட வெச்ச? இவரு சொன்னாரு. நீ கத்தலன்னா எல்லாரும் வண்டிய எடுத்துகினு கத்திகினு திரிஞ்சிருப்பாங்க. என் ஹாரன் எவனுக்குக் கேட்டிருக்கும்?"

அக்கா மகளின் தலைமாட்டில் நின்று அவள் தலையில் கை வைத்தாள். கை வெள்ளையாகிவிட்டது. முடிக்குள் அந்தத் தூள் அடை அடையாக இருந்தது, காதுக்குள்ளும் கழுத்து மடிப்பிலும் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் காலைத்தான் பார்த்தார்கள், தலையைப் பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்? அக்கா என்னைப் பார்த்து, "தண்ணி கொண்டா" என்றாள். ஒரு பக்கெட்டில் வெந்நீர் வாங்கிவந்தேன். மகளின் தலையைக் கட்டிலின் ஓரத்துக்கு மெதுவாக இழுத்து, சொம்பு சொம்பாக ஊற்றிக் கழுவ ஆரம்பித்தாள். பால் மாதிரி தண்ணீர் ஓடியது. எத்தனை ஊற்றினாலும் வெள்ளை நிற்கவில்லை.

கழுவிக்கொண்டே, யாரிடம் என்று இல்லாமல், அக்கா சொன்னாள். "அவரப் பொட்டில வெச்சிக் குடுத்தாங்க. ஆணி அடிச்சிக் குடுத்தாங்க. தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. அந்தத் தலையில இதே தூளுதான இருந்திருக்கும். கழுவிக்கூட விடலடி எனுக்கு."

இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் அக்கா இதை என்னிடம் சொன்னதில்லை. அவள் புருஷனின் பெட்டி மூடியிருந்ததை நானும் பார்த்தவன்தான். அது அவளுக்குள் இப்படி இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மகள் கண்ணை மூடிக்கொண்டு, "காதுல இன்னும் கீது அத்த" என்றாள். அக்கா முந்தானை முனையைத் திரித்து அவள் காதைத் துடைத்தாள்.

அந்த நேரம் பார்த்து நர்ஸம்மா உள்ளே வந்தார்கள். "இன்னாமா இது? ஆஸ்பத்திரியா, ஆத்தங்கரையா? தரையெல்லாம் பாருங்க! யாராவது வழுக்கி விழுந்தா அவங்களுக்கு யாரு கட்டுப் போடுறது?"

"இன்னும் ஒரு சொம்பும்மா" என்றாள் அக்கா, நிமிராமலே.

நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். நான் தோளில் இருந்த துண்டை எடுத்து முழங்கால் போட்டுத் தரையைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மேலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.